வெட்டினவனுக்கே பட்டாவா?

மலைச்சரிவிலே வசிக்கும் ஓர் ஏழைக் குடியானவனைச் சற்று மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவன் குடிசைக்கு மேற்புறம் ஒரு துண்டுக் காடு இருக்கிறது. அதில் நாலைந்து நெல்லி, இரண்டு கடுக்காய் மரம், ஒரு கிழட்டுப் புளி, புதரைச் சுற்றிப் படர்ந்த சீயக்காய், பாறை முகட்டில் தேனடைகள். பாட்டன் காலமுதல் அவன் குடும்பம் அவற்றைப் பறித்தும் இறக்கியும் சந்தையில் விற்று, உப்பும் துணியும் வாங்கி வந்திருக்கிறது. ஒரு மரத்தையும் அவர்கள் வெட்டினதில்லை. இந்தக் குடியானவன் தாலுகாக் கச்சேரிக்குப் போய், "இந்தக் காட்டில் எனக்கும் பாத்தியதை உண்டு" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? "உன் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருப்பார்கள். ஒன்றும் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருப்பான்.

அதே சரிவில், வருவாய்த் துறையின் கணக்கிலுள்ள நிலத்தில், அடுத்த குடிசைக்காரன் மரங்களை வெட்டினான், தூரைக் கொளுத்தினான், மரவள்ளி நட்டான். சில வருஷம் ஆக்கிரமிப்பு அபராதம் கட்டினான். அபராதச் சீட்டே அவனுக்கு அத்தாட்சியாயிற்று. காலக்கிரமத்தில் அத்தாட்சி பட்டாவாயிற்று. காட்டைக் காத்தவன் வெறுங்கையனாய் நின்றான். அழித்தவன் சொத்துக்காரன் ஆனான்.

நூறு வருஷத்துக்கு மேலாக நமது நிலச் சட்டங்கள் மலைநாட்டு ஏழைக்குக் கற்பித்துவந்த பாடம் இது. காடு அழிகிறதே என்று நகரங்களில் கூட்டம் போட்டு வருந்துகிறவர்கள் இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும்.

காட்டை வெட்டாமலே அதிலிருந்து வருமானம் தேடலாம் என்ற யோசனை இன்று பல இடங்களிலும் பேசப்படுகிறது. தேனுக்கும் நெல்லிக்கும் கடுக்காய்க்கும் மூலிகைக்கும் நல்ல சந்தை காட்டிவிட்டால், மலைவாசி கோடரியைக் கீழே வைத்துவிடுவான் என்கிறார்கள். யோசனை நல்லதே. ஆனால் அதில் பாதிதான் உண்மை. பறிக்கும் பாத்தியதை யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் சந்தையை மட்டும் காட்டினால் காடு பிழைக்காது; கோடரிக்குத் தப்பினது கூடைக்கு இரையாகும். நமது தேசத்து அனுபவமும் அந்நிய தேசத்து அனுபவமும் இதை ஐயமறக் காட்டுகின்றன.

நடந்த கதையைச் சற்று நினைவுகூர்வோம். இந்தியாவில் முதல் வனச் சட்டம் 1865-ம் வருஷத்தில் வந்தது. அதைவிடக் கடுமையானது 1878-ல் வந்தது. சென்னை மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் 1882-ல் ஏற்பட்டது. பல திருத்தங்களுடனும் புதுப் பெயருடனும் அந்தச் சட்டமே இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது. இந்தச் சட்டங்களின் சாரம் ஒன்றே: காடு சர்க்காருடைய சொத்து, அதில் வாழ்கிறவன் சர்க்காருடைய தயவில் வாழ்கிறவன். ஜனங்கள் தொன்றுதொட்டு அனுபவித்துவந்த உரிமைகள் 'சலுகைகள்' என்று பெயர் மாறின. உரிமையைப் பறிக்க வழக்கு வேண்டும். சலுகையைப் பறிக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

மரத்தைத் தவிர மற்றவை எல்லாவற்றுக்கும் 'சிறு வன மகசூல்' என்று பெயர் வைத்தார்கள். யாருக்குச் சிறிது? தேக்கையும் ஈட்டியையும் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் அளந்தவர்களுக்குத் தேனும் புளியும் சிறிதாகத் தோன்றியிருக்கலாம். காட்டில் குடியிருப்பவனுக்கு அதுவே பெரிய மகசூல். அந்தச் 'சிறு' பொருள்களையும் சர்க்கார் அவனிடம் விட்டுவைக்கவில்லை. ஏலம் போட்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர் சமவெளியிலிருந்து வந்த வியாபாரி. பாட்டன் காத்த மரத்தில் பேரன் கூலிக்கு ஏறினான். குத்தகை முடிவதற்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும் என்பது குத்தகைக்காரருடைய கவலை; அடுத்த வருஷம் மரம் காய்க்குமா என்பது அவருடைய கவலையாக இருக்க நியாயம் இல்லை. காய் பழுக்கும்வரை காத்திருப்பானேன், கிளையை ஒடித்தால் வேலை சுலபம் என்ற வழக்கம் இவ்விதமாகவே பரவியது.

இதே காலத்தில்தான் நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் ஆனைமலையிலும் ஏக்கர் ஏக்கராகக் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். அந்தக் காடுகள் ரெவினியூ பாஷையில் 'தரிசு' என்று எழுதப்பட்டன. தோட்ட முதலாளி வெட்டினது அபிவிருத்தி. மலைவாசி வெட்டினது சேதம். காட்டில் சொத்து என்பது வெட்டினால் பிறக்கிறது என்ற கொள்கையைக் கோடரியோடு சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. ஏழை அதை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டான்.

இதை எதிர்த்து ஜனங்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. அன்று சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த கோதாவரி ஏஜென்சி மலைகளில், 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு நடத்திய கலகத்துக்கு வனச் சட்டத்தின் கொடுமை ஒரு முக்கிய காரணம். 1930-ல் காந்தியடிகள் தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பு அள்ளினபோது, மத்திய மாகாணத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஜனங்கள் காட்டுக்குள் புகுந்து புல் அறுத்துச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. கடல் தருகிற உப்பைக் கையால் அள்ளினவன் குற்றவாளி என்றது ஒரு சட்டம். காடு தருகிற புல்லையும் தேனையும் எடுத்தவன் திருடன் என்றது இன்னொரு சட்டம். உப்பின் மீதிருந்த வரி 1947-ல் ஒழிந்தது. காட்டின் மீதிருந்த ஏகபோகம் சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் ஒழியவில்லை. சில விஷயங்களில் வளர்ந்தும் விட்டது. பீடி இலை வியாபாரத்தை மத்தியப் பிரதேச சர்க்கார் 1964-ல் சட்டம் செய்து தன் வசம் எடுத்துக்கொண்டது ஓர் உதாரணம். வியாபாரியின் சுரண்டலிலிருந்து காப்பாற்றவே இவ்வாறு செய்கிறோம் என்றார்கள். பறித்தவன் ஒரே ஒருவருக்குத்தான் விற்கலாம், அவர் சொன்னதே விலை என்ற நிலை மட்டும் மாறவில்லை.

கடல் கடந்த ஒரு தேசத்தில் இதே பிரச்னை எப்படிக் கிளம்பிற்று என்பதைப் பார்ப்போம். பிரேசில் தேசத்தின் ஆக்ரி மாகாணத்தில் ரப்பர்ப் பால் வடித்து ஜீவிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோட்டக்காரர்கள் அல்லர். காட்டில் தானாக வளர்ந்த ரப்பர் மரங்களைத் தேடி, ஒற்றையடிப் பாதையில் நடந்து பால் எடுப்பவர்கள். மழைக் காலத்தில் பிரேசில் கொட்டை பொறுக்குபவர்கள். அந்த நாட்டிலும் காட்டை அழித்துப் புல் விதைத்தவனே நிலத்தை 'அனுபவித்தவன்' என்று கருதப்பட்டான். ஒற்றையடிப் பாதைக்குப் பட்டா கிடையாது. மாட்டுப் பண்ணை முதலாளிகள் வந்தார்கள். காடு கருகத் தொடங்கிற்று. சிக்கோ மெண்டிஸ் என்ற ரப்பர்த் தொழிலாளி தன் கூட்டத்தாரைத் திரட்டி, மரம் அறுக்கும் யந்திரங்களுக்கு முன்னால் பெண்டு பிள்ளைகளோடு நின்று தடுத்தார். 1988-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி அவரைப் பண்ணை முதலாளி கூட்டத்தார் சுட்டுக் கொன்றார்கள். 1990-ல் அவர் பெயராலேயே சுமார் 9,70,000 ஹெக்டேர் காடு ஒதுக்கப்பட்டது. நிலம் சர்க்காருடையது, அதில் பால் வடிக்கவும் கொட்டை பொறுக்கவும் உள்ள உரிமை அங்கே வாழும் ஜனங்களுடையது. வெட்டாதவனுக்கும் பாத்தியதை உண்டு என்று ஒரு சர்க்கார் எழுதிக் கொடுத்தது.

அத்துடன் கதை சுபமாக முடிந்துவிட்டதா? இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரப்பர் விலை விழுந்தது. பால் வடித்துப் பிழைக்க முடியாத குடும்பங்கள் ஒன்றிரண்டு மாடு வாங்கின. பிறகு மந்தை வந்தது. அந்த ஒதுக்கப்பட்ட காட்டினுள்ளேயே மரங்கள் விழுந்தன. உரிமை இல்லாத சந்தை கொள்ளையில் முடியும். விலை இல்லாத உரிமை பட்டினியில் முடியும். பட்டினி கிடப்பவன் கையில் மறுபடியும் கோடரி ஏறும்.

காட்டு மகசூலைப் பற்றி மிகையான கணக்குகளும் உலவுகின்றன. 1989-ல் மூன்று விஞ்ஞானிகள் பெரு தேசத்து அமேசான் காட்டில் ஒரு ஹெக்டேரை எண்ணிப் பார்த்து, அதன் கனிகளும் ரப்பர்ப் பாலும் காலமெல்லாம் தரக்கூடிய நிகர வருமானத்தின் இன்றைய மதிப்பு 6,330 டாலர் என்றும், மரங்களை ஒரேயடியாக வெட்டி விற்றால் சுமார் 1,000 டாலர்தான் என்றும் கணக்கிட்டார்கள். உலகமெங்கும் இதை மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அந்த ஹெக்டேர் இக்விடோஸ் பட்டணத்துச் சந்தைக்கு ஆற்று வழியே சென்று சேரக்கூடிய இடத்தில் இருந்தது. எல்லாக் காட்டுக்கும் பக்கத்தில் பட்டணம் இல்லை. எல்லா ஹெக்டேரிலும் பறித்துக் குவித்தால் பழத்தின் விலையும் நிற்காது. ஆகையால் மலைவாசியை நெல்லிக்காய் லட்சாதிபதி ஆக்கிவிடலாம் என்று யாரும் மனப்பால் குடிக்க வேண்டாம். காட்டு மகசூல் பெரும்பாலும் துணை வருமானம். ஆனால் அது எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மழைக்கு முன் தேன், குளிர்காலத்தில் நெல்லி, அதன் பிறகு கடுக்காயும் புளியும் என்று, வயலில் வேலை இல்லாத மாதங்களில் கைக்கு வருகிற காசு அது. கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தடுக்கிற காசு. 2011-ல் வன உரிமைச் சட்டத்தைப் பற்றி ஆராய்ந்த தேசியக் குழு, இந்தியாவில் உணவு, மருந்து, ரொக்கம் ஆகியவற்றுக்குச் சிறு வன மகசூலை நம்பி வாழ்பவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. பத்துக் கோடிப் பேரின் துணை வருமானத்தைச் சில்லறை என்று ஒதுக்க முடியுமா?

இனி நமது சட்டத்துக்கு வருவோம். 1996-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பிரதேசங்களில் சிறு வன மகசூலின் உடைமையைக் கிராம சபைக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அத்தகைய பிரதேசம் எதுவும் அறிவிக்கப்படாததால் நமது மலைகளுக்கு அதனால் பயன் இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. இது தேசம் முழுவதற்கும் பொது. இச்சட்டத்தில் இரண்டு விதமான உரிமைகள் உண்டு. ஒன்று, 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்னிருந்தே உழுது அனுபவித்துவரும் நிலத்துக்குத் தனி மனிதனுக்குரிய பட்டா. நாலு ஹெக்டேருக்கு மேற்படக் கூடாது. மற்றொன்று, ஊர் முழுவதற்கும் உரிய சமூக உரிமை. மூன்றாவது பிரிவின்படி, சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் உபயோகிக்கவும் விற்கவும் உடைமையுரிமை உண்டு. தமது காட்டைக் காக்கவும் வளர்க்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு. 2012-ல் திருத்திய விதிகளின்படி, அந்தப் பொருள்களைக் கொண்டு செல்லக் கிராம சபையின் கமிட்டியே அனுமதிச் சீட்டு கொடுக்கலாம்; ராயல்டியோ கட்டணமோ வாங்கக் கூடாது. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் இச்சட்டத்தின் 'வன நிலம்' என்ற சொல்லில் அடங்கும்.

வக்கீல் தொழிலில் பழகினவர்களாகிய நாம் இந்த ஷரத்துக்களைப் படிக்கும்போது, இவற்றின் முழுப் பொருளையும் ஊரார் உணரவில்லையே என்று ஏங்குகிறோம். முதலாவது உரிமை பழைய பாடத்தின் தொடர்ச்சி, உழுதவனுக்குப் பட்டா. அது நியாயமே, பல தலைமுறை அநியாயத்துக்குப் பரிகாரம். ஆனால் இரண்டாவது உரிமைதான் புதிய பாடம், காத்தவனுக்கும் பாத்தியதை. அது கோடரி படாத மரத்தைச் சொத்தாக ஆக்குகிறது.

இந்தப் பாடம் வெறும் காகிதம் அல்ல என்பதற்கு மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவைச் சேர்ந்த மெந்தா லேகா என்ற சிற்றூர் சாட்சி. கோண்டு மக்கள் வாழும் ஊர். அவர்கள் காட்டு மூங்கில் நெடுங்காலம் காகித ஆலைக்குக் குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தது. 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றார்கள். பட்டயம் கையில் இருந்தும் மூங்கிலை விற்க விடவில்லை. மூங்கில் மரமா, புல்லா என்று ஒரு வாதம் கிளம்பிற்று! 1927-ம் வருஷத்துச் சட்டத்தில் மூங்கில் மரம் என்று எழுதியிருக்கிறது என்றார்கள் உத்தியோகஸ்தர்கள். 2006-ம் வருஷத்துச் சட்டம் அதைச் சிறு வன மகசூல் என்று சொல்லுகிறது என்றார்கள் ஊரார். கடைசியில் 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய மந்திரி ஜெயராம் ரமேஷ் அந்த ஊருக்கே சென்று, மூங்கிலைக் கொண்டு செல்வதற்கான அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். ஆலை வெட்டின மூங்கிலை ஊர் வெட்டியது. எந்தப் புதரில் எத்தனை விட்டுவைப்பது என்பதையும் ஊரே கூடித் தீர்மானித்தது. தனி இடங்களில் வளர்கிற மூங்கிலை மரம் என்ற சொல்லிலிருந்து நீக்க 1927-ம் வருஷத்துச் சட்டத்தையே 2017-ல் திருத்த நேர்ந்தது. ஒரு புல்லைப் புல் என்று ஒப்புக்கொள்ளத் தொண்ணூறு வருஷம் ஆயிற்று.

தமிழ்நாட்டின் நிலைமை என்ன? 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவினால் பட்டயம் வழங்குவது தடைப்பட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. பிற மாகாணங்கள் எட்டு வருஷம் முன்னே போய்விட்டன. வழங்கப்பட்டவற்றிலும் பெரும்பாலானவை தனி நிலப் பட்டாக்கள். சமூக உரிமைப் பட்டயங்கள் மிகக் குறைவு. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர். சட்டசபையைக் கலக்கும் ஓட்டு எண்ணிக்கை அல்ல. அதனாலேயே பொது ஜன அபிப்பிராயம் அவர்களுக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

சமூக உரிமை இல்லாத இடத்தில் சந்தை என்ன செய்யும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். நமது வீடுகளில் மோரில் ஊறும் மாகாளிக்கிழங்கைப் பார்த்தால் போதும். அது தோட்டப் பயிர் அல்ல. மலைச்சரிவுகளில் பாறை இடுக்கில் வேர்விடும் கொடி. கனியைப் பறித்தால் கொடி இருக்கும். இதில் விற்பனைப் பொருளே வேர். தோண்டினால் கொடி போயிற்று. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்ல ஆள் இருக்கிறது. இந்தச் சரிவில் இந்த வருஷம் தோண்டாதே என்று சொல்ல அதிகாரமுள்ள ஆள் இல்லை. நான் விட்டால் இன்னொருவன் தோண்டுவான் என்று ஒவ்வொருவனும் தோண்டுகிறான். தாவர நூலோர் அக்கொடி அருகிவருகிறது என்று எச்சரிக்கிறார்கள். கருங்குங்கிலிய மரத்தின் கதையும் இதுவே. அடிமரத்தைக் கொத்தித் தீ மூட்டிப் பிசின் வடிப்பார்கள். அளவோடு செய்தால் மரம் தாங்கும். அளவு மீறினால் நின்றபடியே பட்டுப்போகும். யாருடையதும் அல்லாத பொருள் எல்லாராலும் அழிகிறது; சர்க்காருடையது என்று பலகை மாட்டிய பொருளும் பல சமயம் யாருடையதும் அல்லாத பொருளே.

அகஸ்தியர் மலையின் காணிக்காரர் அனுபவமும் சிந்திக்கத் தக்கது. 1987-ல் அம்மலையில் சுற்றிய விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டச் சென்ற காணிக்காரர்கள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர். திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, 1995-ல் ஒரு கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் நூற்றுக்கு 2 வீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதியைக் காணிக்காரருக்குத் தர ஒப்புக்கொண்டது. மலைவாசியின் அறிவுக்கும் விலை உண்டு என்று அங்கீகரித்த அந்தச் செய்கை உலகத்துக்கே முன்மாதிரி எனப்பட்டது. ஆனால் அந்தச் செடியின் இலையைக் காட்டில் பறிக்க வனத்துறை ஒப்பவில்லை. சிறு வன மகசூல் ஜாபிதாவில் அது இல்லை என்றது. அறிவுக்குப் பங்கு கிடைத்தது. இலைக்கு உரிமை கிடைக்கவில்லை. இலை இல்லாமல் மருந்து எங்கே?

"இவர்களிடம் காட்டைக் கொடுத்தால் சூறையாடிவிடுவார்களே, வனவிலங்குகளின் கதி என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குக் கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையைச் சுட்டிக்காட்டுகிறோம். சத்தியமங்கலம் காட்டை அடுத்த மலை அது. அங்கே சோலிகர் நெல்லியும் தேனும் கல்பாசியும் சேகரித்து வாழ்ந்தவர்கள். 2002-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, சரணாலயத்தில் விற்பனைக்குப் பறிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். பறிக்கிற கையை நிறுத்திவிட்டால் நெல்லி மரம் செழித்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நெல்லியின் சத்துரு கை அல்ல, புல்லுருவி. அது கிளையில் வேரூன்றிச் சாற்றை உறிஞ்சினால் காய்ப்புக் குறைகிறது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். முன்காலத்தில் தாங்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மெல்லத் தீ வைப்பதுண்டு என்றும், அந்தச் சிறு நெருப்பு புல்லுருவியையும் உண்ணிச்செடியையும் அடக்கிவைத்தது என்றும், அதை நிறுத்தினதிலிருந்து உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது என்றும் சோலிகர் சொல்கிறார்கள். பறிக்கப் போகிறவன் கிளையில் உள்ள புல்லுருவியைப் பார்க்கிறான், ஒடித்துப் போடுகிறான். அவனை வெளியே நிறுத்தினால் அதைப் பார்க்கும் கண்ணும் வெளியே போய்விடுகிறது. 2011-ல் அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே 2011-ல் சோலிகருக்குச் சமூக உரிமைப் பட்டயமும் கிடைத்தது. புலியும் நெல்லி பறிப்பவனும் ஒரே மலையில் சட்டப்படி இருக்க முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

விலையைப் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. மத்திய சர்க்கார் 2013-14 முதல் சிறு வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஜாபிதாவில் விலை எழுதினால் மட்டும் போதாது. பருவத்தில், மலையிலேயே, ரொக்கமாக வாங்க ஆள் வேண்டும். கீழே இறக்கினால் நனைந்த கடுக்காய்க்கு வியாபாரி சொன்னதே விலை. உலர்த்திப் பொறுக்கித் தரம் பிரித்து வைத்தால் ஊர் சொல்லுவதும் விலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் உலர்களமும் ஒரு கிடங்கும்தான். நீலகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி என்று ஒன்று நடக்கிறது. தேன் எடுப்பவர்களும் காய் பறிப்பவர்களும் அதன் பங்குதாரர்கள். மெழுகையும் தேனையும் மலையிலேயே பக்குவம் செய்து விற்கிறார்கள். 2021-ல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் அதற்கு ஈக்வேட்டர் பரிசு அளித்தது. பரிசை நாம் பெரிதாகச் சொல்லவில்லை. குத்தகைக்காரர் இருந்த இடத்தில் பறித்தவனே பங்குதாரனாக இருக்க முடியும் என்பதையே பெரிதாகச் சொல்லுகிறோம்.

ஆகவே செய்ய வேண்டிய காரியம் தெளிவாக இருக்கிறது. முதலாவதாக, தமிழ்நாட்டில் காட்டை ஒட்டிய கிராம சபைகளுக்கெல்லாம், சரணாலயங்களும் புலிகள் காப்பகங்களும் உட்பட, சமூக வன உரிமையை ஊர் ஊராக எல்லை அளந்து பட்டயம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனங்கள் மனுப் போடட்டும் என்று கச்சேரியில் காத்திருப்பது போதாது. சட்டம் தெரியாதவன் மனுப் போடமாட்டான். இரண்டாவதாக, எந்த உருவத்திலும் குத்தகையும் ஏலமும் கூடாது; அனுமதிச் சீட்டு கிராம சபையின் கையில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஆதார விலைக்கு மலையிலேயே பருவத்தில் வாங்க ஏற்பாடு வேண்டும். பறித்தும் உலர்த்தியும் பாடுபடுகிற பெண்களின் கையில் பணம் நேரே சேர வேண்டும். நான்காவதாக, எதை எவ்வளவு பறிப்பது என்பதை ஊரே விதியாக எழுதி, மீறினவனுக்கு ஊரே அபராதம் போட வேண்டும். கனிக்கும் இலைக்கும் ஒரு விதி. வேருக்கும் பட்டைக்கும் அதைவிடக் கடுமையான விதி. உரிமை கேட்கிறவர்கள் இந்தக் கடமையையும் கூடவே ஏற்க வேண்டும். 2006-ம் வருஷத்துச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு காட்டையும் விலங்கையும் நீர்நிலையையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபையின் மீது சுமத்தியிருப்பதை மறக்கலாகாது.

நமது தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. சமவெளியில் கூட்டம் போட்டு மலையைக் காப்பாற்ற முடியாது. கொல்லிமலைக்கும் ஜவ்வாதுமலைக்கும் கல்வராயன் மலைக்கும் போங்கள். கிராம சபையைக் கூட்டி, சட்டத்தின் மூன்றாவது பிரிவைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஊர் எல்லையை நடந்து அளந்து, மனுவை எழுதி, ரசீது வாங்கிக் கொடுங்கள். ஆரவாரம் இல்லாத வேலை. பத்திரிகையில் படம் வராத வேலை. ஆனால் ஒரு மனு தேறினால் ஒரு காடு நிற்கும்.

மலைச்சரிவில் நாம் நிறுத்திய குடியானவன் இன்னும் அங்கேயே நிற்கிறான். ஒரு புறம் நெல்லி மரம், ஒரு புறம் கோடரி. வெட்டாதே என்று அவனுக்கு உபதேசம் செய்யும் உரிமை நமக்கு எப்போது உண்டாகும்? வெட்டாத மரத்துக்கும் அவன் பெயரில், அவன் ஊரின் பெயரில், ஒரு காகிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான்.